மஞ்சள் பையில் ஒரு பெடல்

2023-ல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கோவை கிராஸ்கட் ரோட்டில் ஒரு ஷூ கடைக்குள் மஞ்சள் பையோடு நுழைந்தேன். பையில் இருந்தது ஒரு சைக்கிள் பெடல். கடைப் பையன் எடுத்துக் காட்டிய ஷூவைத் தலைகீழாகத் திருப்பி, அதன் அடியில் பெடலை வைத்து அழுத்தி, இப்படியும் அப்படியும் முறுக்கிப் பார்த்தேன். பெடல் என்றால் பால்காரர் சைக்கிளில் இருக்குமே அந்த மாதிரி இல்லை. உள்ளங்கை அகல அலுமினியத் தட்டு, இரண்டு பக்கமும் வரிசையாகக் குட்டிக் குட்டி இரும்பு முள்.

பையன் பதறிவிட்டான். "சார், சார்... ஷூ கிழிஞ்சிருமுங்க!"

அது நாலாவது கடை. முதல் மூன்று கடையிலும் கிட்டத்தட்ட இதே வசனம்தான். மூன்றாவது கடையில் மட்டும் ஓனரே எழுந்து வந்து, "சார் எந்தக் கம்பெனியிலிருந்து செக்கிங் வந்திருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

இந்தக் கூத்துக்குக் காரணம் என் மகள். இல்லை, நான்தான். முதலிலிருந்து சொல்கிறேன்.

மகள் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசோடு என்னிடமும் பாதி வாங்கி, 52,000 ரூபாய்க்கு ஒரு மலை சைக்கிள் வாங்கினாள். சைக்கிளோடு வந்த பிளாஸ்டிக் பெடல் சரியில்லை என்று, மேலே சொன்ன முள் பெடல், ஜோடி 2,800 ரூபாய். அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்து, "அப்பா, இதுக்கு ஏத்த ஷூ ஒண்ணு வேணும்" என்றாள். விலை பார்த்தேன். பத்தாயிரத்துக்கு மேலே.

உடனே எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பழைய ஆசாமி எழுந்துவிட்டான். "சைக்கிள் ஓட்டறதுக்கு ஷூவா? நாங்கள்லாம் குரங்குப் பெடல் போட்டப்போ கால்ல செருப்பே கிடையாது, தெரியுமா?" வாடகை சைக்கிள், அரை மணிக்கு இருபத்தஞ்சு பைசா, டவுசர், பாருக்குள் காலை விட்டு ஓட்டியது என்று ஒரு சொற்பொழிவு. அவள் பாவம், முழுசாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "உன் ஓட்ட ஷூவே புதுசு மாதிரி இருக்கு, அதையே போட்டுக்கோ கண்ணு" என்று தீர்ப்புச் சொன்னேன்.

என் மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "பல்லு வெச்ச பெடலுக்கு மட்டும் காசு இருந்துச்சாக்கும்."

கோத்தகிரிப் பக்கம் ஒரு நண்பருக்குத் தேயிலைத் தோட்டம். உள்ளே லாரி போகிற மண் பாதை உண்டு, அவரிடம் கேட்டுக்கொண்டு மகள் அங்கே ஓட்டுவாள். அன்று காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் இறக்கத்தின் அடியில் செல்போனோடு நின்று வீடியோ எடுத்தேன். அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. 19 செகண்ட். பன்னிரண்டாவது செகண்ட் வரை என் குரல், "சூப்பர் கண்ணு, சூப்பர்." அப்புறம் என் குரல் இல்லை.

சில்வர் ஓக் வேர் ஒன்று பாதையின் குறுக்கே கிடந்தது. சைக்கிள் அதன் மேல் ஏறிக் குதித்தது. கால் பெடலை விட்டுக் கிளம்பியது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்பக்கம், தோலுக்கு அடியில் நேராக எலும்பே இருக்குமே, அந்த இடத்தில் அடித்து உழுதுவிட்டுப் போனது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, "நாய் எப்போ கடிச்சுது?" என்றார். அப்படித்தான் இருந்தது, வரிசையாகப் பல் பதிந்த மாதிரி. பதினோரு தையல், டி.டி. ஊசி. மகள் அழவில்லை. தையல் போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளைப்பா, ரெண்டாவது கால் தப்பிச்சுது" என்றாள். ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் இல்லை, அப்புறமும் இல்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

இதில் கொடுமை என்னவென்றால், என் இடது காலில் அதே இடத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. வாடகை சைக்கிள் கொடுத்தது. அந்தப் பெடலில் ரப்பர் கட்டை தேய்ந்து கழன்று, வெறும் இரும்புக் கம்பி மட்டும் மிச்சம். வழுக்கிச் சுற்றி வந்து அடித்தது. எங்கம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிவிட்டு, முதுகிலும் இரண்டு வைத்தாள். குரங்குப் பெடல் பெருமையை முழுசாகச் சொன்னவன் இந்தத் தழும்பை மட்டும் எப்படி மறந்தேன்?

அந்த வீடியோவை மெதுவாக ஓடவிட்டு நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். அதில்தான் விஷயம் பிடிபட்டது.

மலை சைக்கிள் பெடலில் இரண்டு ரகம். ஒன்று, ஷூவின் அடியில் சின்ன இரும்புக் கொக்கி இருக்கும், பெடலில் பூட்டு இருக்கும், மிதித்தால் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளியே திருப்பினால்தான் விடும். ஷிமானோ கம்பெனி 1990-ல் மலைக்காரர்களுக்கென்றே இந்த ரகத்தைக் கொண்டுவந்தது. இதற்குப் பெயர் 'கிளிப்லெஸ்'. கிளிப் மாதிரி மாட்டுகிற சாதனத்துக்குக் 'கிளிப் இல்லாதது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! அதற்கு முன்னால் காலை நுழைத்து வாரால் இறுக்குகிற கூடு ஒன்று இருந்தது, அதுதான் கிளிப். அது இல்லாததால் இது கிளிப்லெஸ். நம்மூரில் 'புதுப் பாலம்' என்று நூறு வருஷப் பாலத்தைச் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

இன்னொன்று ஃப்ளாட் பெடல். பூட்டு, கொக்கி ஒன்றும் கிடையாது. விழப்போகிறோம் என்று தெரிந்த கணத்தில் காலைத் தரையில் ஊன்றலாம். பழகுகிறவர்களுக்கு அந்தத் தைரியம் பெரிய விஷயம். பழகுகிறவர்களுக்கு மட்டும் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் சாம் ஹில், இறக்கப் பந்தயத்தில் 2006, 2007, 2010 என்று மூன்று முறை உலக சாம்பியன். ஜெயித்ததெல்லாம் ஃப்ளாட் பெடலில்.

பூட்டு இல்லை என்றால் காலைப் பிடித்துக்கொள்வது யார்? ஷூவின் ரப்பர்தான். இறக்கத்தில் சீட்டில் உட்காருவதில்லை, பெடல் மேல் எழுந்து நிற்கிறார்கள். சக்கரம் கல்லில் எகிறும்போது ஒரு கணம் காலில் எடையே இருக்காது. அந்தக் கணத்தில் ரப்பர் முள்ளை விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஓட்ட ஷூவின் அடியில் மெத்து மெத்தென்று ஸ்பாஞ்சு. ஓடும்போது அதிர்ச்சியைத் தாங்குவதற்குச் செய்தது. பெடல் மேல் அது நசுங்கிக் கால் வளைகிறது. கீழே பெடல் இருக்கிறதா நகர்ந்துவிட்டதா என்று பாதத்துக்குத் தெரிவதில்லை. வீடியோவில் கால் கிளம்புவதற்கு முந்தியே பாதம் ஒரு விரற்கடை நழுவியிருந்தது. மகளுக்கு அது தெரியவே இல்லை.

"அப்போ மலையேறுகிற பூட்ஸ் போடலாமே?" நானும் அப்படித்தான் நினைத்து இரண்டாவது கடையில் ஒன்றை எடுத்தேன். பெடலை வைத்ததும் தெரிந்துவிட்டது. அடியில் ஆழமான பட்டன் பட்டனாகக் கட்டைகள். முள் பாதி கட்டைக்கு நடுவே பள்ளத்தில் சும்மா தொங்குகிறது. பிடிமானமே இல்லை. அடிப்பாகம் தட்டையாக, பள்ளம் குறைவாக இருக்க வேண்டும். ரப்பர் நகத்தால் அழுத்தினால் அமுங்குகிற மாதிரி மிருதுவாக இருக்க வேண்டும். அதே சமயம் ஷூவை இரண்டு கையாலும் மடக்கினால் சப்பாத்தி மாதிரி மடங்கக் கூடாது, இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் உள்ளங்கால் வலி எடுக்கும். முன்னால் விரலுக்குக் கொஞ்சம் கெட்டியான காப்பு. நனைந்தால் சீக்கிரம் காய வேண்டும், ஏனென்றால் நீலகிரி மழை நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இதற்கென்றே ஷூ வந்த கதை சுவாரஸ்யமானது. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்ட்டியில் பழைய சைக்கிளை மலை மேல் தள்ளிக்கொண்டு போய் உருட்டிவிட்ட பையன்கள்தான் இந்த விளையாட்டுக்கே முன்னோடிகள். 1976-ல் பந்தயமே வைத்தார்கள். அவர்கள் போட்டிருந்தது ஜீன்ஸும், வேலைக்குப் போகிற பூட்ஸும். பாறை ஏறுகிற சார்லஸ் கோல் என்ற அமெரிக்கர் 1985-ல் ஃபைவ் டென் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பாறை ஏறுகிறவர்கள் கஷ்டத்துக்குப் போடும் மார்க்கு, 5.10, அதுதான் பெயர். வழுக்குப் பாறையில் ஒட்டிக்கொள்ள அவர் செய்த ரப்பரைப் பிற்பாடு சைக்கிள்காரர்கள் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். 2011-ல் கம்பெனியை அடிடாஸ் வாங்கிவிட்டது.

மகள் கேட்டது இந்த மாதிரி ஷூவைத்தான். பின்னே ஏன் கிராஸ்கட் ரோட்டில் அலைந்தேன் என்று கேட்பீர்கள். பத்தாயிரத்தை மிச்சம் பிடித்துவிடலாம் என்ற நப்பாசை பதினோரு தையலுக்கு அப்புறமும் போகவில்லை, அதுதான் நிஜம். நாலாவது கடையில், ஸ்கேட்டிங் பலகைக்காரர்கள் போடுகிற தட்டையான ஷூ ஒன்று பெடலை நன்றாகவே கவ்வியது. 3,500 ரூபாய். வெற்றி வீரனாக வீட்டுக்கு வந்தேன்.

மகள் போட்டுப் பார்த்தாள். பெடல் மேல் ஏறி நின்றாள். "பிடிக்குதுப்பா. ஆனா பாதம் வளையுது. மேல துணி, தண்ணி குடிக்கும்." கொஞ்சம் யோசித்து, "பரவால்ல, இதுவே போதும்" என்றாள்.

அந்தப் 'பரவால்ல'வைக் கேட்டதும் என்னமோ செய்தது. போன தடவையும் அதையேதான் சொன்னாள். மறுநாள் கடையில் ஷூவைத் திருப்பிக் கொடுத்தேன். பணம் தர மாட்டோம், வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மனைவிக்கு ஒரு செருப்பும் எனக்கு ஒரு பெல்ட்டும் வந்தன. முதலில் கேட்ட ஷூவை அன்றைக்கே ஆர்டர் போட்டோம்.

தையல் பிரித்து ஆறு வாரம் கழித்து அதே தோட்டம், அதே இறக்கம். ஷூ அநியாயத்துக்கு ஒட்டுவதாக மகள் சொன்னாள். காலை நகர்த்தி வைக்க வேண்டுமென்றால் முழுசாகத் தூக்கித்தான் வைக்க வேண்டுமாம். பழக இரண்டு நாள் பிடித்தது. வலது கால் லேஸைச் செயினில் சிக்காமல் உள்ளே செருகிக்கொண்டாள். நான் செல்போனை எடுக்கவில்லை. வேர் இருந்த இடத்துக்கு வந்ததும் நின்று, ஒரு காலை ஊன்றி, அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சைக்கிளைத் திருப்பி மேலே தள்ளிக்கொண்டு போனாள். மறுபடி இறங்கினாள். இந்தத் தடவை நிற்கவில்லை. குதிகால் இரண்டும் கீழே தாழ்ந்திருந்தன.

அந்தப் பழைய ஓட்ட ஷூவை இப்போது நான்தான் வாக்கிங்குக்குப் போட்டுக்கொள்கிறேன். அடியில் முள் குத்திய ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன, மழை நாளில் தண்ணீர் ஏறுகிறது. எனக்கு ஒரு சைஸ் சின்னது வேறு.