பின்வரிசைக்காரரின் பத்து ராகங்கள்

1982ஆம் ஆண்டு பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற திரையிசை வாத்தியக்காரர் ஓர் இசைத்தட்டுக்காகப் பத்து இந்துஸ்தானி ராகங்களை வாசித்துப் பதிவு செய்தார். தபலா கிடையாது. தம்புராவோ சிதாரோ சாரங்கியோ கிடையாது. மூன்று ஜப்பானிய மின்னணுக் கருவிகளும் அவரும் மட்டும்தான். எச்.எம்.வி. வெளியிட்ட அந்தத் தட்டின் பெயர் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. டிஸ்கோ பிரியர்கள் தேடிய பாட்டு அதில் இல்லை. ராகம் கேட்பவர்களுக்கோ அந்த டங்கு டங்கென்ற தாளத்தைப் பொறுக்க முடிந்திருக்காது. தட்டு விற்கவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பழைய இந்தித் திரையிசைத் தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவரான எடோ பௌமன் என்ற நெதர்லாந்துக்காரர் 2002இல் டெல்லியில் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். பிறகு மும்பைக்குப் போய் வாசித்தவரையே தேடிப் பிடித்தார். 2010இல் தம்முடைய ‘பாம்பே கனெக்‌ஷன்’ நிறுவனம் வழியாக அதை மறுபடி வெளியிட்டார். ஐரோப்பிய இசை ரசிகர்கள் திகைத்துப் போனார்கள். 1987இல் சிகாகோவில் பிறந்ததாக அவர்கள் நம்பிவந்த ‘ஆசிட் ஹவுஸ்’ நடன இசையின் ஒலி, அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே பம்பாயில் பதிவாகியிருக்கிறது! இது மோசடியாக இருக்கும், ஏபெக்ஸ் ட்வின் என்ற பிரிட்டிஷ் இசைக்கலைஞர் விளையாட்டுக்குச் செய்திருப்பார் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் தீர்ந்ததும் சரண்ஜித் சிங்குக்கு ஒரு பட்டம் வந்து சேர்ந்தது: ஆசிட் ஹவுஸின் தந்தை.

அந்தப் பட்டம்தான் எனக்கு உறுத்துகிறது. அவரைப் பெருமைப்படுத்தச் சொன்னதுதான். ஆனால் அது அவரை ஒரு தற்செயலாக ஆக்கிவிடுகிறது. எங்கோ பிறக்கப்போகிற ஒன்றை, தாம் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே முன்கூட்டிச் செய்துவிட்ட மனிதர் என்பது போல. தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அப்படித் தோன்றவில்லை. என்ன செய்கிறோம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று பார்க்க, அவர் அதுவரை செய்துவந்த வேலையைப் பார்க்க வேண்டும்.

சரண்ஜித் சிங் பம்பாய்த் திரையிசையின் பின்வரிசைக்காரர். சங்கர்-ஜெய்கிஷன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால், ஆர்.டி. பர்மன் என்று பலருடைய இசைக்குழுக்களில் வாசித்தவர். பேஸ் கிடாரும் கீபோர்டும் அவருடைய வாத்தியங்கள். 1971இல் வந்த ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ படத்தின் ‘தம் மாரோ தம்’ பாட்டு நினைவிருக்கிறதா? அதில் ட்ரான்ஸிகார்டு வாசித்தவர் அவர்தான். அக்கார்டியன் போல மார்பில் மாட்டிக்கொண்டு வாசிக்கும் மின்னணு வாத்தியம் அது. அதைப் பாடிய ஆஷா போஸ்லேயின் குரலை நாடே அறியும். இசையமைத்த ஆர்.டி. பர்மனின் பெயர் தட்டின் மேலேயே இருக்கும். ட்ரான்ஸிகார்டு வாசித்தவர் யார் என்று அன்று யார் கேட்டார்கள்?

மின்னணு வாத்தியம் பம்பாய்த் திரையிசைக்குப் புதிதல்ல. 1954இல் வந்த ‘நாகின்’ படத்தில் நாம் மகுடி என்று நினைத்து மயங்கிய ஒலி, இசைக்கலைஞர் கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின் என்ற மின்னணுக் கருவியிலிருந்து வந்தது. பாம்பாட்டியின் குழலை வால்வுகளும் மின்சுற்றுகளும் பாடின. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் 1969இல் ஒரு மூக் சிந்தசைசர் வந்து இறங்கி, சில ஆண்டுகள் அதில் சோதனைகள் நடந்தன. அது ஆய்வுக்கூடத்து முயற்சி. பம்பாய் வாத்தியக்காரருக்குச் சோதனை செய்ய நேரம் கிடையாது. காலையில் நோட்ஸ் கையில் வரும், மதியத்துக்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். புதுக் கருவி கையில் இருந்தால் அடுத்த வாய்ப்பு வரும். அதனால் கருவியை வாங்கியவர் அதன் ஒவ்வொரு குமிழையும் திருகிப் பார்த்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தார். வயிற்றுப்பாட்டுக்காக வளர்ந்த அறிவு அது. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு.

இப்போது அந்த மூன்று கருவிகள். மூன்றுமே ரோலண்ட் நிறுவனத்துத் தயாரிப்புகள். முதலாவது, 1980இல் வந்த டி.ஆர்-808 என்ற தாளக் கருவி. இரண்டாவது, ஒரே நேரத்தில் எட்டு ஸ்வரங்களை ஒலிக்கக்கூடிய ஜூபிடர்-8 சிந்தசைசர். மூன்றாவது டி.பி-303. சின்ன, வெள்ளி நிறப் பெட்டி. கதையின் நாயகன் இதுதான்.

303ஐ ரோலண்ட் தயாரித்த நோக்கமே பேஸ் கிடார் வாசிப்பவரின் இடத்தை நிரப்புவது. வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யும் கிடார்க்காரர் பேஸ் வரியை இதில் பதிந்து வைத்துவிட்டால், துணைக்கு ஆள் தேவையில்லை. நோக்கம் நிறைவேறவில்லை. அதன் ஒலி பேஸ் கிடாரைப் போல இல்லை. அதில் ஸ்வரங்களைப் பதிவது பெரும் தலைவலி. சுருதிகளைத் தனியாகவும் அவற்றின் கால அளவுகளைத் தனியாகவும் இரண்டு முறை உள்ளிட வேண்டும். 1984இலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். சுமார் பத்தாயிரம் கருவிகள்தான் வெளிவந்தன.

பேஸ் வாசிப்பவரை வீட்டுக்கு அனுப்ப வந்த அந்தக் கருவியை, பேஸ் வாசித்துப் பிழைத்த ஒருவரே வாங்கினார் என்பதை நினைத்துப் பாருங்கள். பின்வரிசையில் தாம் செய்துவந்த வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் ஜூபிடர்-8ஐ எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார். பாடகர் நிற்கும் இடத்துக்கு. திரைப்பாடல்களை வாத்தியத்தில் வாசித்து அவர் முன்பே தட்டுகள் வெளியிட்டதுண்டு. அவையெல்லாம் பிறர் போட்ட மெட்டுகள். இந்தப் பத்து ராகங்களில்தான் யாருடைய நோட்ஸும் அவர் எதிரில் இல்லை.

காலமும் அவருக்குக் கைகொடுத்தது. 1980இல் ‘குர்பானி’ படத்துக்காக நாஸியா ஹசன் பாடிய ‘ஆப் ஜைஸா கோயி’ நாட்டையே ஆட வைத்தது. 1981இல் ‘டிஸ்கோ தீவானே’ தட்டு, 1982இல் ‘டிஸ்கோ டான்ஸர்’ படம். எங்கு திரும்பினாலும் டிஸ்கோ. படங்களில் எல்லாம் டிஸ்கோவாக இருக்கிறதே, தபலாவை எடுத்துவிட்டு ராகத்துக்கு டிஸ்கோ தாளம் போட்டால் என்ன என்று தோன்றியது, செய்தேன் என்று பிற்காலத்தில் அவர் எளிமையாகச் சொன்னார்.

சொல்வது எளிது. மேற்கத்திய டிஸ்கோ கார்டுகளின் மேல், அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளின் மேல், நடப்பது; சில அடிகளுக்கு ஒருமுறை கார்டு மாறும், அந்த மாற்றம்தான் பாட்டை நகர்த்தும். ராகத்தில் கார்டு கிடையாது. ஷட்ஜம் அசையாமல் நிற்கும். அதைச் சுற்றித்தான் எல்லாம். டிஸ்கோவுக்குள் ராகத்தை வைக்கப் பலர் முயன்று தோற்றது இங்கேதான். ராகத்தின் ஸ்வரங்களை எடுத்துக்கொண்டு, அடியில் கார்டுகளைப் போட்டுவிடுவார்கள். கார்டு மாறிய கணத்தில் ஷட்ஜம் நிலைகுலையும், ராகம் மெட்டாகச் சுருங்கிவிடும். சரண்ஜித் சிங் கார்டுகளையே தூக்கி எறிந்தார். 303ல் பதினாறு படிகள் கொண்ட ஒரு வரியை, ராகத்தின் ஸ்வரங்களால் மட்டும் பின்னி, ஓடவிட்டார். அது தம்புராவின் வேலையைச் செய்கிறது. அதே சமயம் பேஸ் கிடாரின் வேலையையும் செய்கிறது. மேலே ஜூபிடர்-8 ராகத்தை விரிக்கிறது.

சிகாகோ இசையோடு அவர் இசை ஒத்துப்போவதன் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கார்டு மாறாமல், ஒரே பேஸ் வரி சுழன்று சுழன்று வந்தால் மனம் கிறங்கும். ஃப்யூச்சர் என்ற குழுவின் இளைஞர்கள் 1987இல் வெளிவந்த ‘ஆசிட் டிராக்ஸ்’ஐச் செய்தபோது வேறு வழியாக அந்த இடத்துக்கு வந்தார்கள். யாரும் சீண்டாமல் பழைய சாமான் கடைக்குப் போன 303 ஒன்று அவர்கள் கைக்கு வந்தது. ஒரு வரியை ஓடவிட்டு, ஒலியின் நிறத்தை மாற்றும் குமிழ்களைத் திருகித் திருகி, அது கீச்சிடுவதையும் குமுறுவதையும் ரசித்தார்கள். அவர்களுக்குக் குமிழே இசை. சரண்ஜித் சிங்குக்கு ஸ்வரம் இசை, குமிழ் துணை. அவர்கள் இவரைக் கேட்டதில்லை, இவரும் அவர்களுக்கு வழிகாட்ட நினைக்கவில்லை. தந்தை-மகன் உறவு இதில் எங்கே இருக்கிறது?

303ல் ஒரு வசதி உண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும்படி எந்தப் படியையும் அமைக்கலாம். பேஸ் கிடார்க்காரரின் விரல் கம்பியில் இழுபடுவதைப் போலிருக்கட்டும் என்று ஜப்பானியப் பொறியாளர்கள் வைத்தது. இந்துஸ்தானியின் மீண்ட், நம்முடைய கர்நாடக சங்கீதத்தின் ஜாரு இரண்டுக்கும் அது தூரத்து உறவு. அந்த வழுக்கல் வரும் இடங்களில் கருவிக்கு உயிர் வந்துவிடுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கருவியின் பன்னிரண்டு ஸ்வரங்களும் சம இடைவெளியில் கட்டப்பட்டவை. ராகத்தின் ஸ்வரங்கள் அப்படி நிற்பதில்லை. இந்துஸ்தானி தோடியின் காந்தாரம் அதன் வழக்கமான இடத்துக்கும் சற்றுக் கீழே நின்று உருக வேண்டும்; இங்கே அது கட்டைபோல நிற்கிறது. பத்தில் மிகவும் அடிபட்டது தோடிதான். தாளத்திலும் ஓர் இழப்பு. தீன்தாள் என்ற இந்துஸ்தானி தாளத்தில் பதினாறு மாத்திரை, கருவியிலும் பதினாறு படி என்று எண் ஒத்துப்போகிறது. ஆனால் தீன்தாளின் நடுவே தபலாவின் இடது கை ஓய்ந்து ‘காலி’ என்ற வெற்றிடம் வரும். அந்த மூச்சு 808க்குத் தெரியாது. எல்லா அடியும் அதற்குச் சமம்.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தட்டுக்குள் நுழைய நல்ல கதவுகள் உண்டு. பைரவ் நம்முடைய மாயாமாளவகௌளை. சரளி வரிசை பாடிய எவருக்கும் அந்த ஸ்வரங்கள் நாக்கில் இருக்கும். யமன் கல்யாணி. பூபாளி மோகனம், மால்கௌன்ஸ் இந்தோளம், கலாவதி வலஜி, பைராகி ரேவதி. ஸ்வரங்கள் ஒன்றுதான், நடைதான் வேறு. மத்தியமமும் நிஷாதமும் இல்லாத மோகனத்தின் அந்த ஐந்து ஸ்வரங்கள் 303ல் சுழலும்போது எனக்கு ஒரு குதூகலம் வருகிறது. இப்படி ஐந்தே ஸ்வரங்கள் கொண்ட ராகங்களில்தான் அவர் மிகச் சுதந்திரமாக இருக்கிறார். சாஸ்திர சுத்தம் பார்ப்பவர்கள் இதை ராகமே இல்லை என்று சொல்லக்கூடும். நான் உடன்பட மாட்டேன். விலக்க வேண்டிய ஸ்வரத்தை விலக்குகிறார், தங்க வேண்டிய இடத்தில் தங்குகிறார். அவசரப்படுத்தும் தாளத்தின் மேல் அவசரப்படாமல் வாசிக்கிறார்.

மறுவெளியீட்டுக்குப் பிறகு அவர் ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை, அதே வகைக் கருவிகளோடு வாசித்தார். எழுபதைத் தாண்டிய மனிதரின் எதிரில் இருபது வயதுப் பிள்ளைகள் ஆடினார்கள். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். வயது 74. அந்தக் கடைசி ஐந்தாண்டுப் புகழ் அவருக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ‘தம் மாரோ தம்’ முதல் எத்தனையோ பாடல்களுக்கு உழைத்த அந்த முந்தைய ஆண்டுகளைப் பற்றி, அவர் இருந்தபோது யாராவது உட்கார்ந்து பாட்டு பாட்டாகக் கேட்டிருந்தால் இன்னும் எவ்வளவு கிடைத்திருக்கும்! பம்பாய் வாத்தியக்காரர்களைச் சந்தித்துப் பேசி கிரகரி பூத் 2008இல் ‘பிஹைண்ட் த கர்ட்டன்’ என்ற நூலை எழுதினார். அதுவும் வெளிநாட்டவர் செய்த வேலை. தட்டைத் தேடி வந்ததும் வெளிநாட்டவர்தான்.

நம் கோடம்பாக்கத்திலும் இதே பின்வரிசை இருந்தது. ‘ரோஜா’வுக்கு முன்னால் ஏ.ஆர். ரஹ்மான் பிறருடைய ஒலிப்பதிவுகளில் கீபோர்டு வாசித்தவர்தான். அவர் முன்னுக்கு வந்ததால் அது நமக்குத் தெரிகிறது. அவரோடு அதே கூடங்களில் வயலின், புல்லாங்குழல், கிடார், டிரம்ஸ் வாசித்தவர்கள் பலர் பெயர் தெரியாமலே இருக்கிறார்கள். மின்னணுக் கருவிகள் வந்தபின் வேலை குறைந்து வீட்டுக்குப் போனவர்களும் அவர்களில் உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வாசித்த அவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. உங்கள் தெருவிலோ உறவிலோ அப்படி ஒருவர் இருந்தால் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் பாட்டில் எதை வாசித்தார், யாரோடு வாசித்தார், அந்த வாத்தியத்தை எங்கே வாங்கினார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பேச்சை உங்கள் போனிலேயே பதிவு செய்து, பாட்டின் பெயரோடு எழுதி வையுங்கள். இந்த மாதமே செய்யுங்கள்.