எஃப் கார்டும் என் இடது கையும்

போன மாசம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு இடது கை மரத்துப்போய் முழிச்சேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். இந்த மூணும் சேர்ந்து மரத்தா என்னன்னு டாக்டரா எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கையை நாலு உதறு உதறிட்டுத் தூங்கிட்டேன். உங்கள்ல யாராவது இப்படி வந்து சொல்லியிருந்தா திட்டியிருப்பேன்.

காரணம் கிட்டார். பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனப்ப வீட்ல விட்டுட்டுப் போனது. 46 வயசுல எடுத்தேன். ஜி, சி, டி எல்லாம் ரெண்டு மாசத்துல ஓரளவு வந்துடுச்சு. விரல் நுனி எரியும், பயப்படாதீங்க, சில வாரத்துல தோல் தடிச்சுடும்.

அப்புறம் வந்தது எஃப்.

கத்துக்கிட்டவங்களுக்குத் தெரியும் அந்தக் கொடுமை. ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்ல ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைக்கணும். மிச்ச மூணு விரலும் அதைத் தாண்டிப் போய் உட்காரணும். மீட்டினா டப் டப்னு செத்த சத்தம்தான் வரும்.

பலம் போதலைன்னு நினைச்சு இன்னும் இறுக்கிப் பிடிச்சேன். தினமும் முக்கால் மணி நேரம். விரலை மடக்குற பெரிய தசைகள் விரல்ல இல்லைங்க, முன்கையில இருக்கு. அங்கிருந்து 9 தசைநாண்கள் மணிக்கட்டுல ஒரு குறுகலான பாதை வழியா வருது. கூடவே ஒரு நரம்பு. மணிக்கட்டை மடக்கி வெச்சு இறுக்கினா நசுங்குறது அந்த நரம்பு.

வீடியோ கால்ல பொண்ணு பார்த்துட்டா. "அப்பா, கார்ட் கிடக்கட்டும். மணிக்கட்டு ஏன் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு?"

வெட்கமாப் போச்சு. கார்பல் டனல் சந்தேகம்னா மணிக்கட்டை முழுசா மடக்கி ஒரு நிமிஷம் வெச்சிருக்கச் சொல்லி, மரத்துப்போகுதான்னு பார்ப்போம். ஃபேலன் டெஸ்ட்னு பேரு. அதை எனக்கு நானே தினமும் 45 நிமிஷம் பண்ணிட்டு இருந்திருக்கேன்!

நான் குழந்தைகள் டாக்டர். ஊசி போட ரத்தக்குழாயைத் தடவித் தேடுறது இந்த இடது ஆள்காட்டி விரல்தான். அன்னிக்குத்தான் நிஜமாவே பயந்தேன். பத்து நாள் கிட்டாரைத் தொடலை. மணிக்கட்டை நேரா வைக்கிற பட்டை கட்டிட்டுத் தூங்கினேன். மரப்பு போச்சு.

திரும்ப ஆரம்பிச்சப்பதான் ஒண்ணு புரிஞ்சுது. ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் அழுத்தவே வேண்டாம். 3, 4, 5-ஐ மத்த விரல்கள் பிடிச்சிருக்கு. 1, 2, 6 மட்டும்தான் அதோட பொறுப்பு. விரலைக் கொஞ்சம் பக்கவாட்டுல சாய்ச்சா போதும். முதல் ஃப்ரெட்ல கம்பி ரொம்ப முறைக்கும், அதனால அஞ்சாவது ஃப்ரெட்ல பழகி ஒவ்வொண்ணா கீழே இறங்கினேன் (அங்கே அதே பிடி ஏ கார்ட்). அஞ்சு நிமிஷம் வாசிப்பு, அப்புறம் ஓய்வு.

நுனி வலி பரவாயில்லை. மரத்துப்போறது, தூக்கத்துல எழுப்புற குறுகுறுப்பு, கையில இருக்கிறது நழுவுறது, இதெல்லாம் வந்தா நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. நீங்களே டாக்டரா இருந்தா வேற டாக்டரை.

நேத்து அஞ்சு கம்பி பேசிச்சு. ரெண்டாவது கம்பி மட்டும் இன்னும் டப். சந்தோஷத்துல பொண்ணுக்கு ரெக்கார்ட் பண்ணி அனுப்பினேன். "மணிக்கட்டு போட்டோ அனுப்புங்க"ன்னு பதில் வந்துச்சு.