போய் வருபவர்களின் விடுதி

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பழைய கடைவீட்டைப் புதுப்பித்து நடத்தும் சிறு ஹோட்டலில் வரவேற்பு மேசை என் பொறுப்பு. எங்கள் வட்டாரமான லிட்டில் இந்தியா 1989 ஜூலை 7 அன்று பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதனால் இந்தத் தெருவின் கட்டடங்களை இடித்து உயர்த்திக் கட்ட வழியில்லை. பழைய முகப்புக்குள்ளேதான் நாங்கள் அறைகளை அமைத்துக்கொள்ள வேண்டும்.

கடைவீடு முகப்பில் குறுகல், உள்ளே நல்ல நீளம். இருபக்கச் சுவரும் அண்டை வீட்டோடு ஒட்டியவை. ஆகவே பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வராது. நடு அறைகளுக்கு ஜன்னல் இருக்காது. இதை முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். படியேற முடியாத பெரியவருக்குக் கீழ்த்தளம், வெளிச்சம் கேட்பவருக்குத் தெருப்பக்கம், இரவு விமானத்தில் இறங்கிப் பகலில் தூங்க வருபவருக்கு நடு அறை. ஞாயிற்றுக்கிழமை மாலை விடுமுறை கிடைத்த ஊழியர்களால் எங்கள் தேக்கா வட்டாரம் நிரம்பி வழியும். அந்தப் பேச்சொலி பிடித்தவர்களும் உண்டு, தாங்காதவர்களும் உண்டு. சாவியைக் கொடுக்கும் முன் ஆளைப் படிப்பது எங்கள் வேலையில் பாதி.

நகர நடுவில் தங்குவதன் அருமை பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் தெரியும். இந்த ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் காலை முதல் இரவு வரை சுற்ற யாராலும் முடியாது. காலையில் வீரமாகாளியம்மன் கோயில், அப்துல் கஃபூர் பள்ளிவாசல் என்று நடந்துவிட்டு, தேக்கா சந்தையில் சாப்பிட்டு, அறைக்கு வந்து குளித்துப் படுத்து, மாலையில் மறுபடி கிளம்பலாம். தூரத்துப் பெரிய ஹோட்டலில் இருப்பவருக்கு ஒரே பகல். எங்களிடம் இருப்பவருக்கு ஒரு நாளில் இரண்டு பகல்.

ஆனாலும் எங்கள் விருந்தினர் சிலர் வருவது நகர நடுவுக்காக அல்ல. தீவின் வடக்கே இருக்கும் கிராஞ்சிக்காக. ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் பார்க்கப் போனார்கள். பந்தயத் திடல் முதலில் இருந்தது எங்கள் பக்கத்தில்தான்; ரேஸ் கோர்ஸ் சாலையின் பெயர் அதற்குச் சாட்சி. 1933இல் அது புக்கித் தீமாவுக்கும், 1999இல் கிராஞ்சிக்கும் மாறி, 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயத்தோடு முடிந்தது. இப்போது கிராஞ்சிக்குப் போகிறவர்களில் பலர் போர்க் கல்லறையைத் தேடிப் போகிறவர்கள்.

அங்கே 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. அவற்றில் 850க்கு மேல் பெயரற்றவை. உடல் கிடைக்காத 24,000க்கும் அதிகமானோரின் பெயர்கள் நினைவிடத் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்குத் தனி நினைவுச் சின்னம் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். தாத்தா இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரில் காணாமற்போனார் என்ற ஒற்றை வரியோடு வளர்ந்த குடும்பங்கள் தமிழ்நாட்டிலிருந்தும் வருகின்றன.

அவர்களை வெறுமனே வழி சொல்லி அனுப்பிவிடக் கூடாது. முந்திய இரவே உட்கார வைத்துக் கேட்பேன்: “ஐயா, தாத்தா பேரை இங்கிலீஷ்ல எப்படியெல்லாம் எழுதியிருப்பாங்க? எந்தப் படைப்பிரிவு? அவரோட அப்பா பேரு, ஊரு?” காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்ப்போம். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தகப்பன் பெயரும் ஊரும் பதிவாகியிருந்தால்தான் நிச்சயமாகும். கிடைத்ததும் தூண் எண்ணைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுப்பேன். அந்த எண் இல்லாமல் போகிறவர், வெயிலில் ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நடுவே தவித்துப்போவார்.

வழி எளிது. லிட்டில் இந்தியாவில் டௌன்டவுன் பாதை ரயிலேறினால் அடுத்த நிலையம் நியூட்டன். அங்கே வடக்கு-தெற்குப் பாதைக்கு மாறினால் நேராகக் கிராஞ்சி. நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். கல்லறைகள் இருப்பது திறந்த மேட்டுச் சரிவு. அதனால் காலையிலேயே கிளம்பச் சொல்வேன். குடையும் தண்ணீரும் கையில் கொடுத்தனுப்புவேன். பூ வேண்டுமென்றால் கேம்பல் லேன் பக்கம் கட்டிய சரமே கிடைக்கும்.

அவர்கள் திரும்பி வரும் நேரத்தில் மேசையில் நான் இருந்தாக வேண்டும். வந்ததும் “எப்படி இருந்தது?” என்று கேட்க மாட்டேன். குளிர்ந்த தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். பேச விரும்புகிறவர் தானாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அன்று அறையைக் காலி செய்ய வேண்டியவராக இருந்தால், அடுத்த விருந்தினர் வரும்வரை அவர் அறையிலேயே இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்துவிடுவேன். பெரிய ஹோட்டலில் இதற்கு மூன்று பேரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். சிறு ஹோட்டலில் மேசையில் இருப்பவரே முடிவெடுக்கலாம். எங்கள் தொழிலின் பலமாக நான் மதிப்பது இதைத்தான்.

புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்குக் கணினியும் கட்டணமும் ஒரு வாரத்தில் பழகிவிடும். அதோடு ஒரு பழக்கத்தையும் சொல்லிக்கொடுக்கிறேன்: ஒவ்வொரு விருந்தினரிடமும் நாளை எங்கே போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று இன்றிரவே கேட்டு வையுங்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் மறுநாள் அவருக்கு நாம் என்ன செய்ய முடியும் என்பது தெரியும்.