கட்டி போனது, காது திரும்பவில்லை

காட்பாடி சந்திப்பில் இறங்கி ஆட்டோ பிடித்தால் சற்று நேரத்தில் வேலூர் காந்தி ரோடு. தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்தில் பெயர்ப் பலகைகள். மீன் குழம்பும் சோறும் போடும் வங்காளி ஓட்டல்கள். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும் லாட்ஜுகள். சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி வங்காளம், அசாம், ஜார்க்கண்டிலிருந்து வரும் குடும்பங்கள் வாரக்கணக்கில் சமைத்துச் சாப்பிட்டுக் காத்திருக்கும் தெருக்கள் இவை.

1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது. 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை இங்கேதான் தொடங்கினார். 2022-ல் ராணிப்பேட்டை அருகே திறக்கப்பட்ட புதிய வளாகத்துக்கு அந்தத் துறை இடம் மாறிவிட்டது. காந்தி ரோட்டின் வங்காளப் பலகைகள் மட்டும் இறங்கவில்லை.

இப்படிச் சிகிச்சைக்கு வருபவர்களில் செவி நரம்பில் கட்டி வந்தவர்களும் உண்டு. லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர், இருவருக்கு வரும் நோய். புற்றுநோய் அல்ல, மெதுவாக வளரும். டெலிபோனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொள்வதோடு பலர் விட்டுவிடுவதால், கண்டுபிடிக்கும்போது கட்டி பெரிதாகி மூளைத்தண்டை அழுத்திக்கொண்டிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயிரைப் பறித்த அறுவை சிகிச்சை இன்று பெரும்பாலும் உயிரைக் காப்பாற்றிவிடுகிறது. அதற்குப் பிறகு மிஞ்சுவதைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

மிஞ்சுவது என்ன என்பதை வேலூர்த் தெருக்களே சொல்லிவிடும். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிய இரண்டு காதும் வேண்டும். ஒன்று போனவருக்கு ஆட்டோ ஹாரன் கேட்கும்; எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாது. ஓட்டல் இரைச்சலில் எதிரே இருப்பவர் பேச்சு கரைந்துபோகும். கேட்காத காதோ சும்மா இருப்பதில்லை. பலருக்கு அதில் ஓயாத ரீங்காரம்.

அடுத்தது முகம். முகத் தசைகளை இயக்கும் நரம்பு செவி நரம்பை ஒட்டியே ஓடுகிறது. கட்டி அதை நசுக்கியிருந்தாலோ, அகற்றும்போது அடிபட்டாலோ அந்தப் பக்கத்துக் கண் மூடாது. வேலூரின் கோடைக்கும் தெருப் புழுதிக்கும் திறந்தே கிடக்கும் கண் என்றால் கருவிழி புண்ணாகக்கூடும். அதனால் பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு, இமைக்கு மேல் பிளாஸ்திரி. சிலருக்கு மேலிமைக்குள் சிறு தங்க எடை வைத்துத் தைக்கிறார்கள். அந்தக் கனத்தில் இமை தானே இறங்கும். நரம்பு அறுபடாமல் இருந்தால் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் துளிர்க்கும். பலன் தெரிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். துளிர் தடம் மாறினால் சிரிக்கும்போது கண் மூடும். சாப்பிடும்போது கண்ணீர் வழியும். பக்கத்து மேஜைக்காரர் துக்கம் என்று நினைத்துக்கொள்வார்.

மூன்றாவது நடை. ஒரு பக்கத்துச் சமநிலை உணர்வு போனபின், மறுபக்கத்தையும் கண்ணையும் பாதத்தையும் வைத்து மூளை சமாளிக்கக் கற்கிறது. நடந்தால்தான் கற்கும். 1806 சிப்பாய்க் கலகத்தைக் கண்ட வேலூர்க் கோட்டையின் சமதளத்தில் மாலையில் நடப்பது எளிது. இருட்டினால் கண்ணின் துணை போய்விடும். மேடுபள்ளத்தில் கால் தள்ளாடும். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஊருக்குத் திரும்பினால் 'அதுதான் குணமாகிவிட்டதே' என்ற பேச்சு. சட்டமும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் செவித்திறன் குறைபாட்டை இரண்டு காதுகளையும் வைத்தே வரையறுக்கிறது. ஒரு காது அடியோடு போனவருக்கு அந்த வரையறைக்குள் இடமில்லை. அலுவலகத்தில் நல்ல காது ஆட்கள் பக்கம் இருக்கும்படி நாற்காலியை மாற்றிப் போடுவதற்குச் சான்றிதழ் தேவையில்லை; கேட்கத் துணிச்சலும் கொடுக்க மனமும் போதும். ஆனால் கோணிய முகத்தோடு போய்க் கேட்பதே பலருக்குப் பெரும்பாடு.

குடும்பங்கள் தங்களுக்குள் வழி கண்டுபிடித்துவிடுகின்றன. துணைக்கு வருபவர் தெருவில் நல்ல காதுப் பக்கமாகவே நடக்கிறார். லாட்ஜில் நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் காந்தி ரோட்டின் சத்தம் அடங்கிவிடும், கூப்பிட்டாலும் கேட்காது. காலையில் தொட்டுத்தான் எழுப்ப வேண்டும்.