ஆறு மில்லி செக்கன்

கினிகத்தேனையிலிருந்து கித்துள்கல ஊடாக யட்டியாந்தோட்டைக்கு இறங்கும் பாதையில் பஸ்ஸிற் பயணஞ் செய்தோர், கையடக்கத் தொலைபேசியிற் பேசிக்கொண்டிருக்கையிலேயே எதிர்முனைக் குரல் துண்டுதுண்டாக உதிர்வதை அறிவர். மலை மறைக்கிறது என்று காரணங் கூறி நாம் அமைந்துவிடுகிறோம். அது பாதிக் காரணமே. மறு பாதி பஸ்ஸின் ஓட்டத்தில் இருக்கிறது. கலைப்பீட மாணவனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என வாசகர் வினவலாம். விடுமுறைக்கு வீடு செல்லுந்தோறும் அம்மாவுடனான பேச்சு இவ்வழியில்தான் அறுந்துபோகிறது. ஆதலால் பொறியியற்பீட நண்பரொருவரைத் துளைத்தெடுத்து அறிந்தவற்றை எழுதத் துணிகிறேன்.

தொலைபேசிக் கோபுரம் கண்ணை மூடிக்கொண்டு அலைகளை அனுப்புவதில்லை. தன்னிடம் வந்துசேரும் அலை எவ்வளவு தெளிவாக உள்ளது என்பதைத் தொலைபேசி இடையறாது கோபுரத்துக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறது. நான்காந் தலைமுறை வலையமைப்பில் இவ்வறிக்கை 0 முதல் 15 வரையான ஓர் எண். அதற்கேற்பவே கோபுரம் தன் வேகத்தைக் கூட்டியுங் குறைத்தும் அனுப்புகிறது. 1800 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். இரு மலைச்சரிவுகளிலும் பட்டுத் தெறித்து வரும் அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால், அந்நீளத்தில் அரைவாசி, அதாவது 8 சென்ரிமீற்றர் நகர்ந்தாலே அலை வலுவாயிருந்த நிலை நலிந்த நிலையாகிவிடக்கூடும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் பஸ் அத்தூரத்தைக் கடக்க 6 மில்லி செக்கன் போதும். அறிக்கை போய்ச்சேர்ந்து, கணிக்கப்பட்டு, மறுமொழி புறப்படுவதற்குள் ஏறக்குறைய அவ்வளவு நேரம் கழிந்துவிடுகிறது. பழைய எண்ணை நம்பிக் கோபுரம் விரைவாக அனுப்பினால் செய்தி சிதறுகிறது. அஞ்சி மெதுவாக அனுப்பினால் வானலை வீணாகிறது. சீனாவில் மணிக்கு 350 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் புகையிரதத்திலோ இவ்வவகாசம் ஒரு மில்லி செக்கனுக்குங் குறைவு.

அப்படியாயின் இன்னும் அடிக்கடி அறிவித்தால் என்ன? அறிக்கையும் அதே வானலையில்தான் செல்கிறது என்பதே இடையூறு. தேயிலை மலையில் கொழுந்து நிறுப்பதை எண்ணிப் பாருங்கள். குறித்த வேளைகளில் பெண்கள் மடுவத்துக்கு வந்து நிறுத்துச் செல்வர். கணக்கு மிகத் திருத்தமாயிருக்க வேண்டுமென்று கால் மணிக்கொருமுறை அவர்களை நிறுவைக்கு அழைத்தால் கணக்கு இருக்கும், கொழுந்து இராது. (இவ்வுவமையைக் கேட்ட அம்மா, கால் மணிக்கொருமுறை அழைக்காத குறைதான் என்றார்.) 64 அன்ரனாக்களைத் தாங்கி நிற்கும் ஐந்தாந் தலைமுறைக் கோபுரங்களில் அறிவிக்கவேண்டியவை பன்மடங்காகப் பெருகுவதால் இச்சுமை இன்னும் அதிகம்.

சுமையைக் குறைக்கும் வழிகள் பல. கோபுரமும் தொலைபேசியும் ஒரே அட்டவணையை முன்கூட்டியே வைத்துக்கொண்டு, வரிசை எண்ணை மட்டும் அனுப்புவது பழகிய முறை. போகவும் வரவும் ஒரே அலைவரிசை பயன்படுமாயின், தொலைபேசியிலிருந்து வரும் அலையைக் கொண்டே கோபுரம் வழியின் தன்மையை ஊகித்துக்கொள்ளும். எனினும் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. 8 சென்ரிமீற்றருக்குள் மாறுவது அலைகளின் கூட்டுத்தொகையேயன்றி அவை வரும் திசைகளல்ல. மலைச்சரிவு நின்ற இடத்தில் நிற்கிறது; பஸ் பல மீற்றர் ஓடிய பின்னரே கோணம் சற்று மாறுகிறது. ஓடும் பொருளினால் அலையின் அதிர்வெண் மாறுமென்று கிறிஸ்ரியன் டொப்ளர் 1842இல் விளக்கினார். நமது பஸ்ஸுக்கு அம்மாற்றம் 83 ஹேர்ட்ஸ் வரை இருக்கலாம். பஸ்ஸின் வேகம் சட்டென மாறாதவரை அதுவும் சட்டென மாறாது. இவ்விரண்டையும் கோபுரம் அறிந்து வைத்திருப்பின், அச்சில திசைகளின் வலுவை மட்டும் இடையிடையே கேட்டறிந்து, அடுத்த கணத்தைத் தானே கணித்துக்கொள்ளலாம். மலையை அறிந்த கங்காணி செடிக்குச் செடி விசாரிப்பதில்லை.

இவையெல்லாம் ஓடுவோருக்கான ஏற்பாடுகள். எங்கள் லயம் ஓடுவதில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்களைப் பெறுவதற்காக நாங்கள் நால்வர் ஒரேயொரு தொலைபேசியுடன் இறப்பர் மலையின் உச்சிவரை ஏறினோம். லயத்தில் அலை எட்டவில்லை, இன்றும் எட்டவில்லை. தொடர்பு அறுந்த இடத்தைத் தொலைபேசி நினைவில் வைத்திருந்து, மீண்டும் இணைந்தபின் அறிவிக்கும் முறையொன்று சர்வதேசத் தரநிலைகளில் உண்டென நண்பர் கூறினார். அவ்வாறு பிந்தி வரும் அறிக்கை ஓடும் பஸ்ஸுக்கு உதவாது, லயத்துக்கு உதவும். 6 மில்லி செக்கனிற் பழையதாகும் செய்திக்காக இத்தனை கணிதஞ் செலவாகிறது. மலை நிழலிற் கிடக்கும் எங்கள் காம்பராக்களைப் பற்றிய செய்தியோ 2020இலும் உண்மையாயிருந்தது, சென்ற விடுமுறையிலும் உண்மையாயிருந்தது. உச்சியில் இணைப்புக் கிடைத்த வேளைகளில் எங்கள் தொலைபேசி அதை அறிவித்திருக்குமா, அறிவித்திருப்பின் அது இப்போது எவர் மேசையில் இருக்கும் என்று நண்பரிடம் கேட்டேன். அது தம் பாடத்திட்டத்தில் இல்லை என்றார்.