அரை நொடியின் அருமை

நுழையும்முன்

வேகம் என்றவுடன் பாய்ந்தோடும் குதிரையும் பறந்து செல்லும் வானூர்தியும் நினைவுக்கு வரும். கண்ணுக்குப் புலப்படாத இன்னொரு வேகமும் உண்டு. கேட்ட வினாவுக்கு உடனே விடை தரும் கணினியின் வேகம் அது. அவ்வேகத்தைக் கூட்டுவதற்கு உலகின் பல மூலைகளில் வாழ்வோர் ஒன்றுகூடி எவ்வாறு உழைக்கின்றனர், அவ்வுழைப்பில் எதனை விட்டுக்கொடுக்க மறுக்கின்றனர் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

காலத்தை நுணுகி அளக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. ஓர் எழுத்தை ஒலிக்க ஆகும் நேரத்தை மாத்திரை என்று வகுத்தனர் இலக்கண நூலார். இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பகுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. மகரக்குறுக்கத்திற்குக் கால் மாத்திரை என்றும் கணக்கிட்டனர். கை நொடித்தலைக் குறிக்கும் ‘நொடி’ என்னும் சொல்லே இன்று காலத்தின் அலகாகவும் வழங்குகிறது. கணினித் துறையில் அந்த நொடியை ஆயிரம் கூறாகவும் பத்து இலட்சம் கூறாகவும் பகுத்து அளப்போர் இருக்கின்றனர். போஸ்ட்கிரெஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தரவுத்தள மென்பொருளை வளர்த்துவரும் நிரலாளர்கள் அத்தகையோர்.

அட்டவணைகளின் உலகம்

வங்கிக் கணக்கில் இருப்பு எவ்வளவு, தொடர்வண்டியில் எத்தனை இருக்கைகள் எஞ்சியுள்ளன, நூலகத்தில் ஒரு நூல் யாரிடம் இருக்கிறது என்பன போன்ற வினாக்களுக்கு விடை தருவது தரவுத்தளம். 1970ஆம் ஆண்டில், ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் கணினி அறிஞர் இத்துறையில் புதிய பாதையைத் திறந்தார். எல்லாத் தரவுகளையும் எளிய அட்டவணைகளாக அமைத்துக்கொள்ளலாம். வேண்டுவது எது என்று மட்டும் பயனர் கேட்டால் போதும். அதை எவ்வழியில் தேடி எடுப்பது என்பதைக் கணினியே முடிவுசெய்யட்டும் என்பது அவர்தம் கருத்து. இவ்வாறு அமைவது உறவுசார் தரவுத்தளம் எனப்படும்.

அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தம் குழுவினருடன் இக்கருத்துக்கு வடிவம் தந்து இங்கிரெஸ் என்னும் மென்பொருளை உருவாக்கினார். அதன் வழித்தோன்றலாக 1986இல் அவர் தொடங்கியதே போஸ்ட்கிரெஸ். 1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் இரு மாணவர்கள் அதற்கு எஸ்கியூஎல் என்னும் வினவல் மொழியைப் பொருத்தினர். 1996இல் அது பல்கலைக்கழகத்தின் எல்லையைக் கடந்து, பல நாடுகளைச் சேர்ந்த ஆர்வலர்களின் கைக்கு வந்தது. அன்றுமுதல் அதன் வளர்ச்சி எந்தவொரு தனி நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலும் இல்லை.

இது திறந்த மூல மென்பொருள். இதன் நிரல் முழுவதையும் எவரும் படிக்கலாம், திருத்தலாம், கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். உலக மக்கள் கூடி வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் நிலப்படத்தின் தரவுகள் போஸ்ட்கிரெஸில்தான் சேமிக்கப்படுகின்றன. ஊர்ப் பொதுக்கிணற்றை ஊரார் அனைவரும் தூர்வாரிக் காப்பதுபோல, இதனைப் பயன்படுத்துவோரும் பயன்படுத்தும் நிறுவனங்களின் பணியாளர்களும் சேர்ந்தே இதனைப் பேணிவருகின்றனர்.

அளந்து பேசும் அவை

இம்மென்பொருளை விரைவாக்க ஒருவர் வழி கண்டால், அதனை எல்லாருடைய பார்வைக்கும் எழுத்து வடிவில் வைக்கிறார். ‘இம்மாற்றத்தால் வேகம் கூடுகிறது’ என்று சொன்னால் மட்டும் போதாது. எந்தக் கணினியில் அளந்தீர்கள்? எத்தனை முறை அளந்தீர்கள்? ஒரே நேரத்தில் எத்தனை பேர் வினவினர்? ஓரிடத்தில் கூடிய வேகம் வேறோரிடத்தில் குறைகிறதா? பிறர் செய்துபார்த்தாலும் அதே விடை கிடைக்குமா? இத்தனை வினாக்களுக்கும் அவர் எண்களால் விடையளிக்க வேண்டும். அவ்வாறு அளப்பதற்கென்றே பிஜிபெஞ்ச் என்னும் கருவி போஸ்ட்கிரெஸுடன் சேர்த்து வழங்கப்படுகிறது. சொல்பவர் யார் என்பதைவிடச் சொல்வது மெய்ப்பிக்கப்பட்டதா என்பதே அங்கு முதன்மை பெறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ஓர் அட்டவணையைப் பலர் ஒரே நேரத்தில் படிக்கவும் திருத்தவும் நேரும்போது, படிப்பவர் எழுதுபவருக்காகக் காத்திருத்தல் கூடாது. அதற்காகப் போஸ்ட்கிரெஸ் ஒரு முறையைக் கையாள்கிறது. ஒரு வரிசையைத் திருத்தும்போது பழையதை உடனே அழித்துவிடாமல், திருத்திய புதிய படி ஒன்றை எழுதிவைக்கிறது. முன்பே படிக்கத் தொடங்கியவருக்குப் பழைய படி தெரியும். பின்னர் வருபவருக்குப் புதிய படி தெரியும். இந்நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. எவருக்கும் தேவைப்படாத பழைய படிகள் நாளடைவில் குப்பையாய்ச் சேர்கின்றன. அவற்றை அகற்றத் துப்புரவுப் பணி வேண்டும். அதனோடு, நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போலத் தேடுதலுக்கு உதவும் சுட்டுப்பட்டியல்கள் பல ஓர் அட்டவணைக்கு இருக்கலாம். ஒவ்வொரு புதிய படிக்கும் அப்பட்டியல்கள் அனைத்திலும் புதுக்குறிப்பு எழுத வேண்டியிருந்தது.

திருத்தப்பட்ட செய்தி எந்தச் சுட்டுப்பட்டியலிலும் இடம்பெறாத ஒன்று என்றால், பட்டியலை ஏன் தொட வேண்டும் என்ற வினா எழுந்தது. பழைய படி இருக்கும் பக்கத்திலேயே புதிய படிக்கும் இடம் கிடைக்குமானால், பழைய குறிப்பே போதும்; அங்கிருந்து புதிய படிக்கு வழிகாட்டிவிடலாம் என்ற விடை பிறந்தது. நெடிய ஆய்வுக்குப் பின், 2008இல் வெளிவந்த 8.3ஆம் பதிப்பில் இம்மாற்றம் இடம்பெற்றது. புதிதாக ஒன்றைச் செய்வதால் மட்டுமன்றி, தேவையற்ற ஒன்றைச் செய்யாதிருப்பதாலும் வேகம் பிறக்கும் என்பதற்கு இது சான்று.

மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. எந்தப் படியை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்க, அந்நேரத்தில் யார் யாருடைய மாற்றங்கள் முடிவுறாமல் இருக்கின்றன என்று போஸ்ட்கிரெஸ் அறிந்துகொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கானோர் இணைந்திருக்கும்போது, அவர்களுள் பெரும்பாலோர் எதுவும் செய்யாமல் இருந்தாலும், அதற்காகச் செலவாகும் நேரம் மிகுந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் நிரலாளர் முன்னின்று, இதற்கு வேண்டிய செய்திகளை நினைவகத்தில் நெருக்கமாக அடுக்கும் முறையை வகுத்தார். 2021இல் வெளியான 14ஆம் பதிப்பிலிருந்து, செயலற்றிருக்கும் இணைப்புகளால் பிறருடைய வேகம் குறைவது பெரிதும் தவிர்க்கப்பட்டது.

எல்லா மாற்றமும் எல்லாருக்கும் நன்மை தருவதில்லை. 2018இல் வெளிவந்த 11ஆம் பதிப்பில், ஒரு வினவலுக்கு ஏற்ற இயந்திர நிரலை அந்நேரத்திலேயே உருவாக்கிக்கொள்ளும் வசதி சேர்க்கப்பட்டது. நெடுநேரம் கணக்கிட வேண்டிய வினவல்களை அது விரைவாக்கியது. ஆனால், நொடிப்பொழுதில் முடியும் சிறு வினவலுக்கு, நிரலை உருவாக்கும் நேரமே மிச்சமாகும் நேரத்தைவிட மிகுதியாகிவிடலாம். எனவே, அப்பதிப்பில் அவ்வசதி வழங்கப்பட்டதேயொழிய, தானாக இயங்குமாறு வைக்கப்படவில்லை.

பொறுமையும் இங்கு ஒரு கருவிதான். வட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டு அது வரும்வரை காத்திராமல், பல பக்கங்களை ஒருசேரக் கேட்டுவைக்கும் முறை 2021இல் விரிவாக முன்வைக்கப்பட்டது. பலமுறை திருத்தி எழுதப்பட்டு, 2025இல் வெளிவந்த 18ஆம் பதிப்பில்தான் அது இடம்பெற்றது. கணினியைச் சில நொடிகள் காத்திருக்கவிடாமல் செய்வதற்கு மனிதர்கள் நான்கு ஆண்டுகள் காத்திருந்தனர்.

வேகமும் வாக்குறுதியும்

தரவுத்தளத்தின் முதற்கடமை கொடுத்த வாக்கைக் காப்பது. ஒருவர் பணம் செலுத்தியதும் ‘பதிவாயிற்று’ என்று அது சொல்லிவிட்டால், அடுத்த கணமே மின்சாரம் நின்றாலும் அப்பதிவு அழியக் கூடாது. ஆகவே, செய்யவிருக்கும் மாற்றத்தை முதலில் நாட்குறிப்புப் போன்ற ஒரு பதிவேட்டில் போஸ்ட்கிரெஸ் எழுதுகிறது. அவ்வெழுத்து வட்டில் பதிந்துவிட்டது என்று கணினியின் இயங்குதளம் உறுதி கூறிய பின்னரே ‘பதிவாயிற்று’ என்று அறிவிக்கிறது. இக்காத்திருப்பைக் கைவிட்டால் வேகம் வெகுவாகக் கூடும். கைவிடுவதற்கான வழியும் அமைக்கப்பட்டுள்ளது. ஆனால், அவ்வாறு செய்தால் தரவு மீட்க இயலாதவாறு பழுதுபடலாம் என்ற எச்சரிக்கையும் அதன் விளக்கத்திலேயே எழுதப்பட்டுள்ளது.

அந்த உறுதிமொழியிலேயே ஓட்டை இருப்பது 2018இல் தெரியவந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் வட்டில் எழுதும் முயற்சி தோல்வியுற்றால், அச்செய்தி ஒருமுறை தெரிவிக்கப்படும். போஸ்ட்கிரெஸ் மீண்டும் முயலும். இம்முறை ‘வெற்றி’ என்ற விடை வரும். ஆனால், எழுதப்படாத அப்பக்கங்களை எழுதப்பட்டவை என்று இயங்குதளம் முன்பே குறித்துவைத்திருக்கும். உண்மையில் அவை வட்டைச் சென்றடைந்திரா. ஏறத்தாழ 20 ஆண்டுகளாக நம்பிவந்த ஒன்று பொய்த்துப்போயிற்று.

இப்பிழை அரிதாகவே நேரக்கூடியது. எனினும், அதனை எவரும் மூடிமறைக்கவில்லை. எல்லாரும் அறிய விவாதித்தனர். 2019 பிப்ரவரியில் வெளிவந்த திருத்தப் பதிப்புகளில் ஒரு கடுமையான முடிவு செயலுக்கு வந்தது. வட்டில் எழுதுவது தோல்வி என்ற செய்தி வந்த கணமே போஸ்ட்கிரெஸ் தன் இயக்கத்தை நிறுத்திக்கொள்ளும். பின்னர்ப் பதிவேட்டை மீண்டும் படித்து, விட்ட இடத்திலிருந்து எழும். நேரத்தின் துளிகளைச் சேமிக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள், பொய்யான ‘வெற்றி’யோடு ஓடுவதைவிட நின்று சரிசெய்வதே மேல் என்று தேர்ந்தனர்.

ஓர் ஐயம்

இவ்வாறு அளந்து அளந்து பழகிய கண் என்ன செய்யும் என்பதை 2024 மார்ச் மாதத்தில் உலகம் கண்டது. முன்னர்க் குறிப்பிட்ட ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸில் செய்யவிருந்த சில மாற்றங்களின் விளைவை அளந்துகொண்டிருந்தார். அளவு பிழையின்றி அமைய, கணினியில் பிற வேலைகள் அடங்கியிருக்க வேண்டும். அப்போது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் என்னும் மென்பொருள் வழக்கத்திற்கு மாறாக மிகுதியாக உழைப்பதை அவர் கவனித்தார். 0.3 நொடியில் முடிய வேண்டிய பணிக்கு 0.8 நொடி ஆயிற்று. வேறுபாடு அரை நொடி.

பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள். அவரோ அதன் காரணத்தைத் தேடிச் சென்றார். சில வாரங்களுக்கு முன் போஸ்ட்கிரெஸின் சோதனையில் தோன்றிய, பொருள் விளங்காத எச்சரிக்கை ஒன்றும் அவர் நினைவுக்கு வந்தது. தேடல், கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்னும் மென்பொருளில் சென்று முடிந்தது. அதன் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவாயில் ஒன்று மறைத்துவைக்கப்பட்டிருந்தது. அதன் திறவுகோலை வைத்திருப்பவர், பாதிக்கப்பட்ட கணினிகளுக்குள் தொலைவிலிருந்தே நுழைந்து தாம் விரும்பியதைச் செய்ய முடியும். அம்மென்பொருளின் பராமரிப்பில் ஈராண்டுகளுக்கும் மேலாகப் பங்கேற்று நம்பிக்கை பெற்ற ஒரு பெயரின்வழி அது நுழைக்கப்பட்டிருந்தது. மார்ச் 29 அன்று ஃபிராய்ண்ட் அதனை உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலான கணினிகளை அப்பதிப்புகள் சென்றடையும் முன்பே அவை விலக்கப்பட்டன.

எல்லாருக்கும் திறந்த முற்றம் என்பதால்தான் வஞ்சகரும் உள்ளே வர முடிந்தது என்று கூறுவோர் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், அந்த முற்றம் திறந்திருந்ததால்தான், அம்மென்பொருளோடு தொடர்பே இல்லாத ஒருவர் அதனைப் பிரித்துப் பார்த்துக் குற்றத்தைக் கண்டறியவும் முடிந்தது. அது தற்செயலாக நேர்ந்ததே எனலாம். எனினும், இயல்பான அளவு எது என்று அறிந்தவருக்கே இயல்பு மீறியது எது என்று தெரியும். நாள்தோறும் அளந்து பழகாதவருக்கு அந்த அரை நொடி கண்ணில் பட்டிருக்காது.

போஸ்ட்கிரெஸின் புதிய பதிப்பு ஆண்டுக்கு ஒன்று வெளிவருகிறது. ஒவ்வொன்றிலும் சிறிது நேரம் மிச்சப்படுத்தப்படுகிறது. அதனை மிச்சப்படுத்தியவர்களின் பெயர்களைப் பயன்படுத்துவோரில் பலர் அறியார். கல்வியிலோ தொழிலிலோ ஒன்றை விரைந்து முடிக்க வேண்டும் என்ற ஆவல் எழும்போதெல்லாம், அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் இரு வினாக்கள் நமக்கும் துணைநிற்கும்: உண்மையிலேயே அளந்து பார்த்தோமா? வேகத்திற்காகக் கொடுத்த வாக்கை இழந்துவிட்டோமா?