பந்து கையில் இல்லாதபோது

எந்த ஃபார்வர்டை எடுக்கலாம் என்று நான்கு பேர் பேச உட்கார்ந்தால் முதலில் வந்து விழுவது புள்ளிக் கணக்குதான். ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி, எத்தனை ரீபவுண்ட். அதை வைத்துக்கொண்டு விடிய விடியச் சண்டை போடலாம், ஒருவரும் தோற்க மாட்டார்கள். எனக்கு அந்தக் கணக்கின் மேல் இருந்த மரியாதை போய் வெகுநாளாயிற்று. பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பதும், அணி தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில் ‘இவன் வேண்டும், அவன் வேண்டாம்’ என்று மல்லுக்கட்டுவதும்தான் என் பிழைப்பு. அந்தக் கூட்டங்களுக்குள் நுழையும்போதெல்லாம் 2010 கோடையில் அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் நடந்த நான்கு ஒப்பந்தங்கள் மனதில் வந்து நிற்கும்.

அந்த ஜூலையில் பெரிய தலைகள் பலர் ஒரே நேரத்தில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தார்கள். லெப்ரான் ஜேம்ஸும் அதில் ஒருவர். ஆனால் அவரைப் பற்றி விவாதிக்க என்ன இருக்கிறது? வருவாரா மாட்டாரா என்பது மட்டும்தான் கேள்வி. உண்மையான விவாதம் அவருக்கு அடுத்த வரிசையில் நின்ற நான்கு பவர் ஃபார்வர்டுகளைப் பற்றியது. முந்தைய சீசனில் டொரான்டோவின் கிறிஸ் பாஷ் சராசரியாக 24.0 புள்ளி, 10.8 ரீபவுண்ட் எடுத்திருந்தார். ஃபீனிக்ஸின் அமாரே ஸ்டௌடமையர் 23.1, 8.9. நியூயார்க்கின் டேவிட் லீ 20.2, 11.7. யூட்டாவின் கார்லோஸ் பூசர் 19.5, 11.2. பெயரை மறைத்துவிட்டு இந்த எண்களை மட்டும் காட்டினால் யாரை யாரிடமிருந்து பிரிப்பீர்கள்?

பணமும் கொஞ்சநஞ்சமல்ல. அந்த சீசனுக்கு ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு ஏறத்தாழ 5 கோடியே 80 லட்சம் டாலர். ஸ்டௌடமையருக்கு நியூயார்க் ஐந்து ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 10 கோடி டாலர் கொடுத்தது. அதாவது அணியின் மொத்தப் பையில் கால் பங்குக்கு மேல் ஒரே ஆளுக்கு. தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

நான் வீடியோ பார்க்கும் விதம் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. சத்தத்தை அணைத்துவிடுவேன். பந்தைப் பார்க்கவே மாட்டேன். ஒரே ஆளின் இடுப்புக்குக் கீழே மட்டும் பார்ப்பேன். ஸ்கிரீன் வைத்து முடித்ததும் அவன் வளையத்தின் பக்கம் திரும்புகிறானே, அப்போது முதலில் திரும்புவது தலையா, இடுப்பா? தலை முதலில் திரும்பினால் அவன் பாஸுக்காகக் காத்திருக்கிறான் என்று அர்த்தம். இடுப்பு முதலில் திரும்பினால், பாஸ் வந்தாலும் வராவிட்டாலும் அந்த இடத்தைப் பிடிக்கப் போகிறான். அடுத்தது தடுப்பு. எதிரணி கார்டு ஸ்கிரீனைச் சுற்றி வரும்போது நம் ஆள் எவ்வளவு தூரம் வெளியே போய் மறிக்கிறான், மறித்துவிட்டுத் தன் ஆளிடம் எப்படித் திரும்புகிறான்? நிமிர்ந்து நின்று, மூச்சு விட்டு, பிறகு ஓடுகிறவன் ஒரு நொடியைத் தொலைத்துவிட்டான். முழங்கால் மடங்கியபடியே பின்னால் வழுக்குகிறவன் போகிற போக்கில் கையை நீட்டி ஒரு பாஸையும் கெடுத்துவிட்டுப் போவான். இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஆனால் ஓர் ஃபார்வர்டு அணி மாறும்போது கையோடு எடுத்துக்கொண்டு போவது இதைத்தான். புள்ளிகளில் பாதி பழைய அணியிலேயே தங்கிவிடும்.

ஸ்டௌடமையரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைப் போலத் திரும்பி வளையத்துக்குப் பாய்ந்தவர்கள் அவர் காலத்தில் மிகச் சிலரே. 2005இல் இடது முழங்காலில் மைக்ரோஃப்ராக்சர் அறுவை சிகிச்சை. பலருடைய ஆட்டம் அத்தோடு முடிந்திருக்கிறது. அவர் திரும்பி வந்து மறுபடி பாய்ந்தார். ஆனால் அந்தப் பாய்ச்சலுக்கு இரண்டு பொருள்கள் தேவை. சரியான நொடியில் பந்தைப் போடும் ஒரு கை, முன்னால் காலியாகக் கிடக்கும் ஒரு பாதை. ஃபீனிக்ஸில் கை ஸ்டீவ் நாஷுடையது. பாதையைத் திறந்துவைத்தவர் பயிற்சியாளர் மைக் டி’ஆன்டோனி, வீச்சாளர்களை ஓரங்களில் நிறுத்தி.

2010இல் நியூயார்க்கில் டி’ஆன்டோனிதான் பயிற்சியாளர். நாஷ் இல்லையென்றாலும் ரேமண்ட் ஃபெல்டன் இருந்தார், ஓரங்களில் டானிலோ கலினாரியும் வில்சன் சாண்ட்லரும். அந்த நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் ஸ்டௌடமையர் தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களில் 30 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்தார். அந்த அணியின் வரலாற்றில் அதுவரை யாரும் செய்யாதது. காலை காபியோடு அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு கூரை அதிர்ந்தது.

பிப்ரவரியில் நியூயார்க் இன்னொரு நட்சத்திர ஃபார்வர்டை வாங்கியது, கார்மெலோ ஆந்தனி. அதற்கு விலையாக டென்வருக்குப் போனவர்களில் ஃபெல்டன், கலினாரி, சாண்ட்லர் மூவரும் உண்டு. பாஸ் போட்டவரும் போனார், பாதையைத் திறந்துவைத்தவர்களும் போனார்கள். தவில்காரருக்குப் பெருந்தொகை கொடுத்து வரவழைத்துவிட்டு, நாகஸ்வரக்காரரை ஊருக்கு அனுப்பிய கதை. ஆந்தனி மேதைதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் பந்தை வாங்கி நிறுத்தி, எதிராளியின் கண்ணைப் பார்த்து ஆடுகிறவர். அவர் நிற்கும் இடமும் ஸ்டௌடமையர் நிற்க விரும்பும் இடமும் ஏறத்தாழ ஒன்றே. அது போதாதென்று 2011 டிசம்பரில் டைசன் சாண்ட்லர் வந்தார். அவரும் வளையத்துக்குப் பாய்கிறவர். மிச்சமிருந்த பாதையும் அடைபட்டது. அந்த சீசனில் ஸ்டௌடமையரின் சராசரி 17.5. முழங்காலையும் முதுகையும் காரணம் காட்டுகிறார்கள். உடல் ஒத்துழைக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் உடல் கைவிடுவதற்கு முன்பே அணி கைவிட்டுவிட்டது என்பது என் கட்சி.

சிகாகோவின் கதை வேறு. அவர்களுக்கு டெரிக் ரோஸ் என்ற மின்னல் கார்டு, ஜோகிம் நோவா என்ற உழைப்பாளி சென்டர், தடுப்பையே தெய்வமாகக் கும்பிடும் புதுப் பயிற்சியாளர் டாம் திபடோ. குறை ஒன்றே ஒன்று: உள்ளே நின்று புள்ளி எடுக்க ஆள். பூசரை எடுத்தார்கள். காகிதத்தில் கச்சிதம். சீசன் தொடங்குமுன்பே வீட்டில் அழைப்புமணி கேட்டு எழுந்து ஓடி, பையில் தடுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார் மனிதர். அதையும் மீறி அணி 62 ஆட்டங்களை வென்றது. பூசரை ரசிகர்கள் திட்டுவது அளவுக்கு மீறியது என்றே நினைக்கிறேன்.

ஆனால் திபடோ கடைசிப் பத்து நிமிடங்களில் என்ன செய்தார் என்று பாருங்கள். ஆட்டம் இறுகும்போது பூசரை உட்கார வைத்துவிட்டு டாஜ் கிப்சனை அனுப்புவார். கிப்சனின் சம்பளம் பூசருடையதில் ஒரு சிறு துண்டு. காரணம் கால்கள்தான். ஸ்கிரீனை மறித்துவிட்டுத் திரும்பும்போது பூசர் நிமிர்ந்துவிடுவார். நோவா பின்னால் நின்று அந்த ஓட்டையை அடைக்கும்வரை எதுவும் தெரியாது.

2011 கிழக்குப் பகுதி இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தை என் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவேன். சிகாகோவும் மயாமியும். அன்று பூசர் 26 புள்ளி, 17 ரீபவுண்ட். அந்த எண்ணை மட்டும் நாளிதழில் படித்தவர் சிகாகோ வென்றதென்று நினைப்பார். மயாமி 96-85 என்று வென்றது. பாஷ் 34 புள்ளி. பாதித் தூரத்தில் பாஷ் பந்தை வாங்குகிறார், எதிரே நிற்பவரின் எடை குதிகாலில் இருக்கிறதா என்று ஒரு கணம் பார்க்கிறார், இருந்தால் எழுந்து எறிகிறார், இல்லாவிட்டால் ஒரே துள்ளலில் உள்ளே. தொடர் 4-1 என்று முடிந்தது. சிகாகோ பாஷை எடுத்திருந்தால்? அந்த ஜூலையில் அது நடக்கக்கூடியதாகத்தான் இருந்தது. பாஷ் மயாமியைத் தேர்ந்தெடுத்தார், அவ்வளவுதான்.

“மாஸ்டர், பாஷ் மயாமிக்குப் போய் 18.7 ஆகிவிட்டாரே, இறங்கிவிட்டார்தானே?” என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு பையன் கேட்பான். அப்போது அமெரிக்காவிலேயே அப்படித்தான் பேசினார்கள். மயாமியில் ஒன்றுகூடிய லெப்ரான், வேட், பாஷ் மூவரையும் சேர்த்து ‘இரண்டரைப் பேர்’ என்று கேலி. நான் பதில் சொல்ல மாட்டேன். “டேய், பந்தைப் பார்க்காதே. ஒன்றாம் நம்பர் சட்டையை மட்டும் பார்” என்று மயாமியின் ஓர் ஆட்டத்தைப் போட்டுவிடுவேன்.

மயாமியின் பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவின் தடுப்பு முறையில் ஸ்கிரீன் வந்தால் பெரிய ஆள் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் வெளியே ஓடிவந்து, கார்டோடு சேர்ந்து பந்து வைத்திருப்பவனை நெருக்க வேண்டும். பந்து கையைவிட்டுப் போனதும் முப்பது அடி பின்னால் ஓட வேண்டும். ஏறக்குறைய ஏழடி மனிதர் இதை ஒரு ஆட்டத்தில் பல பத்து முறை செய்தார், ஒவ்வொரு முறையும் முழங்காலை மடக்கியபடி. டொரான்டோவில் எப்போதாவது முயன்ற மூன்று புள்ளி வீச்சை மயாமியில் அன்றாட வேலையாக்கிக்கொண்டார். அவர் வெளியே நின்றால் எதிரணி சென்டரும் வெளியே வந்தாக வேண்டும். லெப்ரானுக்கு உள்ளே வழி கிடைக்கும். டொரான்டோவில் நாயகனாக இருந்த ஒருவர் இன்னொருவருக்கு வழிவிடுவதற்காக ஓரத்தில் போய் நிற்கச் சம்மதித்தார் என்பதை எந்த எண்ணில் எழுதுவது?

2013 ஜூன் 18, இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். சான் அன்டோனியோவுக்கு 3-2 முன்னிலை. இந்த ஆட்டத்தில் 95-92. லெப்ரானின் மூன்று புள்ளி வீச்சு தவறியது. வளையத்தைச் சுற்றிக் கைகள். சான் அன்டோனியோவின் பெரிய ஆள் டிம் டங்கன் அந்த நேரத்தில் பெஞ்சில். பாஷ் எழுந்து பந்தைப் பிடித்தார், ரே ஆலன் பின்னோக்கி நடந்தே வலது மூலைக்குப் போய்க்கொண்டிருந்தார், பாஷ் ஒரு துள்ளல்கூட வைக்காமல் அவருக்குத் தள்ளினார். கடிகாரத்தில் 5.2 விநாடி மிச்சமிருக்க ஆட்டம் சமன். எல்லோரும் ஆலனின் வீச்சைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில், அந்தத் தொடரில் அதுவரை மூலைகளிலிருந்து கொன்றுகொண்டிருந்த சான் அன்டோனியோவின் டேனி கிரீன் மறுபடி எறிய எழுந்தபோது பாஷ் ஓடிப்போய் அதை அமுக்கினார். 103-100. அவர் அன்று எடுத்தது 10 புள்ளி. இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட இல்லை, பூஜ்யம். கோப்பை மயாமிக்கு.

டேவிட் லீயைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்டௌடமையருக்கு இடம்விட்டு கோல்டன் ஸ்டேட் போனார், 2013இல் ஆல்-ஸ்டாரும் ஆனார், எண்கள் கடைசிவரை அழகு. 2014-15 தொடக்கத்தில் தொடைத்தசை பிடித்து அவர் உட்கார, 2012 தேர்வில் 35ஆவதாக எடுக்கப்பட்ட டிரேமண்ட் கிரீன் அந்த இடத்துக்கு வந்தார். கிரீனின் புள்ளிகள் லீயினுடையதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் யாரையும் மறிக்கலாம், எந்த ஸ்கிரீனிலும் ஆள் மாற்றலாம். அணி 67 ஆட்டங்களை வென்று கோப்பையையும் எடுத்தது. லீ திரும்பவும் தன் இடத்தைப் பெறவில்லை. பாவம், நல்ல பாஸர்; அந்த இறுதித் தொடரில் கொஞ்ச நேரம் இறங்கியபோதுகூட அது தெரிந்தது.

என்னோடு வாதாடும் சக பயிற்சியாளர் ஒருவர் இந்த இடத்தில் பிடித்துக்கொள்வார். “சரி சார், கால்களைப் பார்த்து பாஷை எடுத்தீர்கள். 2014இல் என்ன ஆச்சு?” நியாயமான கேள்வி. அந்தக் கோடையில் லெப்ரான் கிளீவ்லாந்துக்குத் திரும்பினார். ஜேம்ஸ் ஹார்டனும் டுவைட் ஹாவர்டும் இருந்த ஹூஸ்டன் பாஷைக் கூப்பிட்டது. மயாமி ஐந்து ஆண்டுகளுக்கு 11 கோடியே 80 லட்சம் டாலர் சொன்னது; பாஷ் தங்கிவிட்டார். மறு பிப்ரவரியில் நுரையீரலில் இரத்தக் கட்டி. ஓராண்டு கழித்து மறுபடி கட்டி, 2016 பிப்ரவரியோடு ஆட்டம் முடிந்தது. பெரும்பாலான பணம் அவர் ஆடாத ஆண்டுகளுக்குப் போயிற்று.

முழங்கால் தேய்ந்தால் வீடியோவில் தெரியும். கணுக்கால் பயந்தால் இறங்கும் விதத்தில் தெரியும். இரத்தம் உறைவதை யாராலும் பார்க்க முடியாது. அதனால் அந்த 2014 காகிதத்தை இன்றைக்கு என் முன்னால் நீட்டினாலும் நான் கையெழுத்துப் போடுவேன். நண்பருக்கு இன்னும் சமாதானமில்லை. அவர் அந்த விலையில் மூன்று ஆள் எடுத்திருப்பாராம்.